எதுகை சரியாக விழுந்த நாள்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோடு போட்ட தாளில் எழுதினாலும் வரி ஒரு பக்கமாகச் சரிந்து போகும். பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்று இன்று வரை எனக்கு நிச்சயமில்லை. எங்கள் மைக் செட் தொழிலாளர் சங்க மலரை அச்சடிப்பவர்கள் பிழை திருத்திப் போட்டுக்கொள்ளட்டும். வாயால் சொல்லலாமே என்பீர்கள். பதினைந்து வருஷம் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் காரில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி விளம்பரம் சொன்னவன்தான். ஆனால் நாலு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச எனக்கு வராது.

போன மாதம் சங்கக் கட்டடத்தில் புதிதாக வந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணாச்சி, எதுகைங்காவ, மோனைங்காவ. ரெண்டும் ஒண்ணுதான? எதப் போட்டா என்ன, சத்தம் கேட்டாச் சரிதான?" சுற்றி ஆட்கள் நின்றதால் நான் சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ரெண்டும் ஒன்றில்லை தம்பி. அன்று சொல்லாமல் வந்த பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் மைக் செட் கடையில் சேர்ந்தது குழாய் கட்டத்தான். புளியமரம், மின்கம்பம், மொட்டை மாடி, எங்கே ஏறச் சொன்னாலும் ஏறுவேன். மேலே யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. எண்பத்து மூன்றில், பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், கடையில் விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தவருக்குக் காய்ச்சல். ஜவுளிக்கடைக்காரர் அன்றைக்கே கார் கிளம்பியாக வேண்டும் என்று நிற்கிறார். முதலாளி என்னைக் காருக்குள் தள்ளிக் கையில் மைக்கைக் கொடுத்தார். "எனக்குப் பேச வராது மொதலாளி" என்றேன். "ஒன்ன எவன்டா பாக்கான்? தாளப் பாத்துப் படி" என்றார்.

அது நிஜமாகவே இருந்தது. காரின் பின்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டால் என்னை யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் குழாய் வழியாக மேலே போகிறது. கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை என்று அன்று நினைத்தேன்.

முதலாளி எழுதித் தந்த வாசகம் இது: "வண்ண வண்ணச் சேலைகள், வகை வகையாய் வேட்டிகள், வந்து பாருங்கள்." மாலை வரை சுற்றிவிட்டுக் கடைக்குத் திரும்பினால், முதலாளியின் மச்சினி லலிதா வாசலில் நின்றுகொண்டிருந்தார். தையல் வகுப்பு முடிந்து வந்தவர். அக்கா வீட்டில் தங்கியிருந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஆனால் பள்ளி இறுதி வரை தமிழில் முதல் மார்க் வாங்கியவர் என்று முதலாளி பெருமையாகச் சொல்வார்.

"அண்ணே, இன்னைக்கு வெளம்பரம் சொன்னது நீங்களா?"

தரையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"ஒங்க காரு மொத எழுத்தத் தின்னுட்டே வருது. 'ண்ண வண்ணச் சேலைகள், கை வகையாய் வேட்டிகள்'னு கேக்குது."

டிரைவர் சுப்பையா அண்ணன் சிரித்த சிரிப்பில் கார்க்கதவு ஆடியது. "கை வகையாய் வேட்டியா? கால் வகையாவும் இருந்தாச் சொல்லுலே, ரெண்டு எடுத்துக்கிடுவோம்."

காரணம் மைக்கில் இருந்த சுவிட்ச். அதை அமுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தால் முதல் எழுத்து உள்ளேயே நின்றுவிடும். லலிதா அதோடு விடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்கு விளங்கும்படி சொன்னார். முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. கடைசி ஒத்து வந்தால் இயைபு.

"தலை, கழுத்து, வால். அம்புட்டுதான் அண்ணே. ஒங்க சுவிட்சு தலையத்தான் வெட்டுது. மணியக் கழுத்துல கட்டுங்க. எங்க பாஷையில செய்யுள் எழுதுனா கழுத்து மணி கட்டாயம் வேணும். அதுக்குப் பிராசன்னு பேரு."

அங்கேயே ஒரு வரி சொன்னார்: "கண்ணுக்குப் பிடிச்ச கலரு, பொண்ணுக்குப் பிடிச்ச சேலை." அதைக் கார் தின்றாலும் "ண்ணுக்கு, ண்ணுக்கு" என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அதைச் சொல்லிக்கொண்டு போனோம். பஞ்சு மார்க்கெட்டில் மூடை தூக்கும் ஆட்களே திருப்பிச் சொன்னார்கள்.

வாலுக்கும் ஒரு சேதி உண்டு. ராஜபாளையத்து அகலமான ரோட்டில் இயைபு நன்றாக எடுக்கும். "பார்க்கலாம், கட்டலாம், உடுத்தலாம், ஊர் மெச்ச நடக்கலாம்" என்றால் சத்தம் தாராளமாகப் பரவும். அதே வரியை ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் உயரமான சுவர்கள். ஒவ்வொரு வாலும் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த வரியின் தலையில் உட்கார்ந்துகொண்டது. மாடியிலிருந்து ஒருவர் கத்தினார்: "ஏலே, என்னத்தலே 'லாம் லாம்'னு உசிர எடுக்க? மாட்டுக்கு லாடம் கட்ட வந்திருக்கியா?"

எந்த ஊரில், எந்தத் தெருவில், எது நிற்கும் என்று பார்த்துத்தான் சொல் எடுக்க வேண்டும். இதை நான் லலிதாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் யோசித்தார். "இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்லண்ணே" என்றார். இலக்கணம் அவருக்குத் தெரியும், தெரு எனக்குத் தெரியும். இரண்டையும் வைத்து வாசகம் கட்ட ஆரம்பித்தோம். நான் ஒரு அடி சொல்வேன், அவர் முடிப்பார். நான் சொல்லி வாய் மூடும் முன்னே பதில் வந்து விழும். அவரோடு நேராக ரெண்டு வார்த்தை பேசத் தைரியமில்லாத நான், அடி சொல்லும் சாக்கில் நாள் முழுக்கப் பேசினேன். விளம்பரம் இல்லாத நாட்களில் குழாயைத் துடைக்கிறேன் என்று கடைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது ஒரு நெருக்கடியைச் சொல்கிறேன். தம்பிகள் இதை மட்டுமாவது மறக்க வேண்டாம்.

எண்பத்தாறு ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் பக்கம் கூட்டம் தோளோடு தோள் இடிக்கிறது. அறிவிப்புக் கொட்டகை எங்கள் கடைப் பொறுப்பு. பெண்களுக்கான அறிவிப்புகளைச் சொல்ல லலிதாவும் வந்திருந்தார். மத்தியான வெயிலில் தளவாய்புரத்து அம்மா ஒருத்தி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். மாரி என்று நாலு வயதுப் பெண்பிள்ளை, கையை விட்டுப் போய்விட்டது. சிவப்புப் பாவாடை, காலில் கொலுசு. பக்கத்தில் தண்ணீர் நிறைந்த தெப்பக்குளம். அந்த அம்மா அந்தப் பக்கம் கையைக் காட்டிக் காட்டி அழுதாள். வார்த்தை வரவில்லை.

நான் மைக்கை எடுத்தேன். பதற்றத்தில் மனிதனுக்குப் பழகியதுதானே வரும்? எனக்குப் பழகியது ஒன்றுதான். "சின்னப் பாவாடை, செவப்புப் பாவாடை! கொஞ்சும் கொலுசு, குட்டிக் கொலுசு! பாத்தவங்க வாங்க, பக்கத்துல வாங்க!" எல்லாம் மோனை. ராகம்கூடக் கெடவில்லை. கூட்டத்தில் முகங்கள் திரும்பின, சிரித்தன, திரும்பிக்கொண்டன. ஒருவர் கொட்டகைக்குள் தலையை நீட்டி, "அண்ணாச்சி, அந்தச் செவப்புப் பாவாட எந்தக் கடையில? எம்புட்டு வெல?" என்று கேட்டார்.

அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்தாள்.

லலிதா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். சுவிட்சை அமுக்கி, ஒரு மூச்சு நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலப் பேசினார்.

"எல்லாரும் செத்த நேரம் நின்ன எடத்துலயே நில்லுங்க. ஒரு பிள்ளையக் காணோம். பேரு மாரி. நாலு வயசு. இது வெளம்பரம் இல்ல. குனிஞ்சு ஒங்க கால்மாட்டுல பாருங்க. கொளத்துப் படியில நிக்கவுக தண்ணியப் பாருங்க."

தேடிப் போட்ட ஒரு மோனை இல்லை, எதுகை இல்லை. அத்தனை கூட்டமும் அப்படியே நின்று குனிந்தது. தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தாழ்ந்ததை நான் கொட்டகையிலிருந்து பார்த்தேன். சற்றைக்கெல்லாம் வளையல் வண்டிக்காரர் ஒருவர் கையை உயர்த்தினார். பிள்ளை அவர் வண்டிக்கடியில், சக்கரத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று திரும்பும்போது சுப்பையா அண்ணன் காரை மெதுவாக ஓட்டினார். மம்சாபுரம் விலக்கு தாண்டிய பிறகு லலிதாதான் சொன்னார்: "மனசுல வச்சுக்கிடாதீங்கண்ணே. காது குளுந்துட்டா மனுஷங்க அங்கயே நின்னுருவாங்க. சேல விக்க அது போதும். எந்திரிச்சு வரணும்னா அலங்காரத்தக் கழட்டிட்டுக் கூப்பிடணும்."

தம்பி, எதுகை மோனையைப் பிரித்துப் பார்ப்பது ஒரு நாள் பாடம். அவை வேண்டாத இடம் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. மரண அறிவிப்புச் சொல்லும்போது, தண்ணீர் திறந்துவிடும் அறிவிப்புச் சொல்லும்போது, ஆள் காணவில்லை என்னும்போது, நாக்கில் தானாக வருவதைத் துப்பிவிட்டுப் பேசுங்கள். அன்றிலிருந்து நான் அப்படித்தான் செய்தேன். ஒரே ஒரு இடம் தவிர. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தெட்டில் ஜவுளிக்கடைக்காரருக்குப் புது யோசனை. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது போல விளம்பரம் வேண்டும். லலிதாவின் குரலை டேப்பில் பதிந்துகொள்வது, நடுவில் இடம் விட்டுவிடுவது, காரில் போகும்போது அந்த இடத்தில் நான் நேராக மைக்கில் பதில் சொல்வது. கடைப் பின்னறையில் சுவரெல்லாம் பஞ்சு மெத்தையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். பக்கத்து வீட்டு வெள்ளை நாய் ஒன்று, ராஜபாளையத்து நாய்க்குரிய குரலோடு, சரியான நேரம் பார்த்துக் குரைக்கும். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அந்த நாயின் மேல் கோபமே வரவில்லை.

டேப்பில் அவர் சொன்னது: "ஏங்க, விசேஷம் வருது. எனக்கு என்ன எடுத்துத் தரப் போறீங்க?"

கடையில் எப்போதும் 'அண்ணே' என்று கூப்பிடுகிறவர், டேப்பில் மட்டும் 'ஏங்க' என்றார்.

பதிவு முடிந்தது. நாயை விரட்டக் கம்போடு போன முதலாளி இன்னும் வரவில்லை. டேப் ஓடவில்லை. அறையில் நாங்கள் இருவர்தான். லலிதா மெத்தையின் ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் நீங்கதான் மொத அடி சொல்றீங்க. இன்னைக்கு நான் சொல்றேன். நீங்க முடிங்க."

அண்ணே என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

"சொல்லுங்க" என்றேன்.

"தையில எனக்குக் கல்யாணம்."

மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறாராம், வடக்கே. முதலாளி பேச்சுவாக்கில் சொல்லி ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. ஆனால் அவர் வாயால் கேட்டது அன்றுதான். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் ஒருவர் அப்படி நேராகப் பார்ப்பார் என்று நான் நினைத்ததில்லை. ஆடிப்பூரத்துக் கொட்டகையில் அந்த அம்மா பார்த்தது போல ஒரு பார்வை. இப்போதாவது அலங்காரத்தைக் கழற்றிவிட்டுப் பேசு என்று உள்ளே ஒன்று கத்துகிறது. நாக்கோ அதன்பாட்டுக்குத் தேடுகிறது. தையில. தையில என்றால், இரண்டாம் எழுத்து...

"கையில செவக்கும் மருதாணி" என்றேன்.

அவர் அந்த நூலை விரலில் சுற்றினார். இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்திருப்பார் போல. பிறகு எழுந்து மெத்தையை நேராக இழுத்துவிட்டார்.

"எதுக சரியா விழுந்திருக்குண்ணே" என்றார்.

அவர்கள் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். அவர் முதலாளியின் மச்சினி, நான் மரத்தில் ஏறுகிறவன். நேராகச் சொல்லியிருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவர் கேட்டதற்கு மருதாணி பதில் இல்லை.

தையில் கல்யாணம் நடந்தது. குழாய் கட்டியது நான்தான்.

பிறகு வருஷக்கணக்காக அந்த டேப்போடு தெருத்தெருவாகப் போனேன். பின்சீட்டில் என் பக்கத்தில் டேப் பெட்டி. "ஏங்க" என்பதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு வரும். அது தெருவுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். பிறகு கேள்வி. பிறகு அந்த இடைவெளி. அதற்குள் நான் பட்டு, பருத்தி என்று அடுக்கிச் சொல்லிவிட வேண்டும். தாமதித்தால் அடுத்த வரியை அவர் சொல்லிக்கொண்டே போய்விடுவார். டேப் யாருக்காகவும் நிற்காது. மழை நாளில், வெயில் நாளில், கல்யாண சீசனில், ஒன்றுமில்லாத ஐப்பசி மத்தியானத்தில் எல்லாம் அவர் என்னிடம் அதையே கேட்டார்.

கடைக்காரர் அடிக்கடி சொல்வார்: "மதுரையில புதுசா ஒரு பொண்ணு பேசுதாம்ப்பா. மாத்திருவோமா?" நான் "இந்தக் கொரலுக்கு யாவாரம் இருக்கு அண்ணாச்சி" என்பேன். சுப்பையா அண்ணனை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. ஒருநாள் காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஏலே செல்லையா, டேப்புக்குப் பதில் சொல்லியே ஆயுசு போயிரும் போலிருக்கேலே. நெசமா ஒருத்தியக் கட்டிக்கிட்டு அவகிட்ட ஏச்சு வாங்குலே." நான் அடுத்த தெருவுக்குப் போகச் சொன்னேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், வேலை அதிகம் என்றேன்.

தொண்ணூற்றாறு. மறுபடியும் ஆடி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவாக் கடைகள் இருக்கும் தெருவில் கார் ஊர்ந்து போகிறது. டேப்பில் அந்த மூச்சு, பிறகு குரல்: "ஏங்க, விசேஷம் வருது. எனக்கு என்ன எடுத்துத் தரப் போறீங்க?"

நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். கடை வாசலில் ஒரு சிறுபெண் காரைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினாள். "அம்மா, ஒங்க கொரலு!"

பக்கத்தில் லலிதா. காதோரம் கொஞ்சம் நரை. கையில் துணிப்பை. காரைப் பார்க்காமல் மேலே குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடைவெளி ஓடிக்கொண்டிருந்தது. தெருவுக்கு என் பதில் போகவில்லை. சுப்பையா அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார். காரை நிறுத்தினார். டேப்பில் லலிதா அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் டேப் பெட்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். வேலை நேரத்தில் காரைவிட்டு இறங்கி நடுத்தெருவில் நான் நின்றது அன்று ஒரு தடவைதான்.

"நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன். அவுக லீவுல வந்திருக்காக. அக்கா வீட்டுல இருக்கோம்." பிறகு குழாயைக் காட்டினார். "இன்னும் அதே டேப்பா?"

"ஆமா."

"எட்டு வருஷமாச்சே. ஏன் மாத்தல?"

தெருவே என்னைப் பார்ப்பது போலிருந்தது. பால்கோவா கட்டிக்கொண்டிருந்த ஆள்கூட நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை.

"மாத்த மனசு வரல" என்றேன்.

சிறுபெண் லலிதாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், மெதுவாகத் தலையை ஆட்டினார். கொடுத்த ஒன்றை வாங்கிக்கொள்கிறவர்கள் ஆட்டுவது போல.

"வாரேன்" என்றார்.

அண்ணே என்று சொல்லவில்லை.

அந்த வாரமே கடைக்காரரிடம் போய், மதுரைப் பெண்ணின் டேப்பைப் போட்டுக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். பிறகும் கொஞ்ச காலம் இந்த வேலையை ஓட்டினேன். போன வருஷம் தொண்டை கட்டி, டாக்டர் இனிமேல் கத்தக் கூடாது என்றதும் விட்டுவிட்டேன்.

தம்பி, இதை எழுதும்போதுதான் பார்க்கிறேன். நான் அன்று அவரிடம் சொன்ன வார்த்தையிலும் ஒரு மோனை இருக்கிறது: மாத்த, மனசு. நான் தேடவில்லை, அதுவாக வந்திருக்கிறது. நான் எந்த அடி சொன்னாலும் அதில் எது விழுந்திருக்கிறது என்று அந்த நொடியே சொல்லிவிடுகிறவர் லலிதா. அன்று அவர் அதைச் சொல்லவில்லை.

எழுதி முடித்தது: 1999, ஆடிப்பூரத்துக்கு மறுநாள்.